வண்டி போட்ட போர்வை

மார்ச் 3, செவ்வாய்

இன்றைக்கும் மகளிடம் திட்டு. விடியற்காலையில் ரொட்டி வண்டியை எடுக்கப் போகும் முன் முதல்நாள் பேப்பரைப் படிப்பது என் வழக்கம். புதுப் பேப்பர் வருவதற்குள் பாதி ஊருக்கு ரொட்டி போட்டிருப்பேன், என்ன செய்ய? பக்கம் திருப்பும் சத்தத்தில் அவள் தூக்கம் கெடுகிறதாம்.

"அப்பா, பேப்பரைப் படிக்கிறியா, கடிச்சுத் திங்கிறியா?"

அடுத்த மாதம் வெளியூருக்கு வேலைக்குப் போகிறாள். அங்கேயாவது நிம்மதியாகத் தூங்குவாளாம். தூங்கட்டும். போகும்போது அப்பா கையால் ஒன்று செய்து தருகிறேன் என்றேன். வாய் சும்மா இருந்திருக்கலாம்.

"நீயா? எனக்கு அடிச்ச அலமாரிக்கு ரெண்டு வருஷமா கதவு இல்ல. உனக்கு மிஸ்டர் முக்கால்னு பேர் வச்சது சும்மாவா?"

அம்மாவும் மகளும் சேர்ந்து சிரித்தார்கள். இதை இப்படியே விடுவதாக இல்லை.

மார்ச் 5, வியாழன்

நான் ரொட்டி போடும் டீக்கடைக்கு மேல்மாடியில் தையல் வகுப்பு. ஜன்னலில் ஒரு போர்வை தொங்கியது. துண்டுத் துணிகளாலேயே ஒரு பறவை, மூக்கு ஊசி மாதிரி கூராக. மாடியேறிக் கேட்டேன். பேப்பர் பீசிங்காம். காகிதத்தில் படம் வரைந்து, அதன் மேலேயே தைப்பதாம்.

"உங்க வீட்டம்மாவை அனுப்புங்க அண்ணே" என்றார் டீச்சரம்மா.

"நான்தாம்மா சேர வந்தேன்."

மீசையைப் பார்த்தார், விரலைப் பார்த்தார். "ஞாயித்துக்கிழமை வாங்க" என்றார். குரலில் நம்பிக்கை இல்லை.

மார்ச் 8, ஞாயிறு

வண்டி சர்வீஸ் என்று வீட்டில் புளுகிவிட்டு வகுப்புக்குப் போனேன். அஞ்சு பெண்கள், ஒரு மீசை.

காகிதத்தில் கோடுகள், கட்டத்துக்குக் கட்டம் நம்பர். துணி காகிதத்துக்குக் கீழே இருக்கும், நாம் மேலே கோட்டைப் பார்த்துத் தைக்கிறோம். தைத்ததும் துணியை மடித்துவிட்டு, மிச்சத்தை வெட்டிவிட்டு, அடுத்த நம்பர். நம்பர் பார்த்து வீட்டு வாசலில் ரொட்டி வைக்கிற ஆளுக்கு இது கஷ்டமா?

கஷ்டம்தான். முதல் துண்டிலேயே சட்டைக் கையையும் சேர்த்துத் தைத்துவிட்டேன். அஞ்சு பேரும் மெஷினை நிறுத்திவிட்டுச் சிரித்தார்கள்.

"தையலை நல்லா நெருக்கமா போடுங்க அண்ணே" என்றார் டீச்சரம்மா. எதற்கு என்று நான் கேட்கவில்லை. கேட்டால் ஒன்றும் தெரியாதவன் என்று நினைத்துவிடுவார்களே!

மார்ச் 11, புதன்

மதியம் வீட்டில் யாரும் இல்லை. மனைவியின் மெஷினில் உட்கார்ந்தேன். ஊசி போச்சு.

மார்ச் 12, வியாழன்

மெஷினில் புது ஊசி இருக்கிறது. நான் மாட்டவில்லை. யாரும் எதுவும் கேட்கவில்லை. பயமாக இருக்கிறது.

மார்ச் 15, ஞாயிறு

என் படம் ரொட்டி வண்டி. நாலு வரிசை, வரிசைக்கு நாலு வண்டி. முதல் நாலையும் முடித்துப் பெருமையோடு மேஜையில் பரப்பினேன். காகிதத்தில் வலப்பக்கம் போன வண்டி துணியில் இடப்பக்கம் போகிறது! நாலும்!

"கண்ணாடியில பாக்கிற மாதிரி மாறித்தான் வரும் அண்ணே. படத்தைத் திருப்பி வரைஞ்சுக்கணும், சொன்னேனே."

இருபது வருஷமாகப் பக்கக் கண்ணாடியைப் பார்த்துப் பிழைக்கிறவன் நான். எனக்கா இது? பிரிக்கவும் மனசில்லை. நாலும் அப்படியே இருக்கட்டும். மற்றதைத் திருப்பி வரைந்துகொள்கிறேன்.

மார்ச் 19, வியாழன்

துணி தீர்ந்துபோனது. என் நீலக் கட்டம் போட்ட சட்டை காலி. மகளின் பழைய பள்ளிச் சீருடையும் காலி. மனைவியின் தலையணை உறை... அதைப் பற்றி இங்கே எழுதுவது புத்திசாலித்தனம் இல்லை.

மார்ச் 21, சனி

மனைவி என் கால்சட்டையிலிருந்து ஒரு சிவப்பு நூலை எடுத்தாள். நிதானமாக விரலில் சுற்றினாள்.

"என்னங்க, சர்வீஸ் பண்ற வண்டி இப்ப நூல்லயா ஓடுது?"

நான் பேப்பரை எடுத்து முகத்தை மறைத்துக்கொண்டேன்.

"தலையணை உறையைக் கேட்டிருந்தா நானே குடுத்திருப்பேன். அந்த நீலச் சட்டை ஒழிஞ்சுதே, அது போதும். அடுத்த தடவை ஊசி உடைஞ்சா சொல்லுங்க, டப்பா மேல்தட்டுல இருக்கு."

மார்ச் 24, செவ்வாய்

மகளை உடனே வரச் சொல்லிவிட்டார்களாம். இந்தச் சனிக்கிழமையே கிளம்புகிறாள். கடைசி வகுப்பு ஞாயிற்றுக்கிழமை. இன்னும் அஞ்சு வண்டி பாக்கி. மறுபடியும் முக்காலா? முடியாது. டீச்சரம்மா இல்லாமலே முடித்துக் காட்டுகிறேன்.

மார்ச் 27, வெள்ளி

முடிந்தது! நடுவில் பஞ்சு, அடியில் துணி, நாலு பக்கமும் பட்டி. கடைசிப் பக்கத்தை மனைவி பிடித்துக்கொள்ள நான் தைத்தேன்.

"ஏங்க, மொறுமொறுங்குதே?"

"புதுசு அப்படித்தான் இருக்கும்" என்றேன், கடைக்காரன் மாதிரி.

மார்ச் 28, சனி

கிளம்பும்போது கொடுத்தேன். ஒரு மூலை விடாமல் இழுத்துப் பார்த்தாள். எங்காவது விட்டிருப்பேன் என்று தேடுகிறாள், கழுதை.

"முழுசா இருக்கே! சரி, இந்த நாலு வண்டி மட்டும் ஏன் எதிர்ப்பக்கம் போகுது?"

"அது ரொட்டி வித்துத் தீர்ந்து வீட்டுக்குத் திரும்புற வண்டி."

சிரித்தாள். மூக்கு சிவந்திருந்தது. எனக்கு ஒன்றுமில்லை, கண்ணில் பஞ்சு.

மார்ச் 29, ஞாயிறு

காலையில் பேப்பரைச் சத்தமாகத் திருப்பினேன். யாரும் திட்டவில்லை.

வகுப்புக்கு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போனேன். டீச்சரம்மா சொன்னார்: "இன்னைக்குப் பின்னாடி இருக்கிற பேப்பரை எல்லாம் கிழிச்சு எடுக்கப் போறோம். நெருக்கமா தைக்கச் சொன்னது இதுக்குத்தான். சுலபமா கிழியும்."

"எந்தப் பேப்பரை?" என்றேன்.

அஞ்சு தலையும் என் பக்கம் திரும்பின. அப்புறம் சிரிப்பு. டீச்சரம்மா மேஜையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பதினாறு வண்டியின் காகிதமும் உள்ளே! துவைத்தால்? கூழ்!

மாடிப்படியிலேயே நின்று போன் போட்டேன். எடுக்கவில்லை.

மார்ச் 30, திங்கள்

மகள் பேசினாள்.

"போர்வையைத் துவைச்சிடாதே" என்றேன் எடுத்த எடுப்பில்.

"எப்பவுமேவா?"

சொல்லிவிட்டேன். மறைத்து என்ன ஆகப்போகிறது? வாங்கிக் கட்டிக்கொள்ளத் தயாராக நின்றேன்.

"தெரியும்ப்பா. முதல் நாள் ராத்திரியே தெரியும். புது ரூம், தூக்கமே வரல. புரண்டு படுத்தேன், சரசரன்னுது. நீ பக்கத்து ரூம்ல பேப்பர் படிக்கிற மாதிரியே இருந்துச்சு. அப்புறம்தான் தூங்கினேன்."

"அடுத்த தடவை கொண்டு வா. பிரிச்சு எடுத்துட்டு, திரும்பத் தைச்சுத் தர்றேன்."

"கைய வச்சே, அவ்வளவுதான். முக்காலாவே இருக்கட்டும்."

ஏப்ரல் 4, சனி

அவள் அலமாரிக்குக் கதவு வாங்கி வந்தேன். மேல் கீலை மட்டும் மாட்டினேன். கதவு கோணலாகத் தொங்குகிறது.

"கீழ் கீலையும் மாட்ட வேண்டியதுதானே?" என்றாள் மனைவி.

வேண்டாம். மகள் வந்து திட்டட்டும்.