மலைச் சைக்கிள் யாருக்கு?

பிப்ரவரி 3

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. முழங்காலைத் தவிர மற்றதெல்லாம் நலம். போனில் பேசினால் "சரிக்கா, சரிக்கா" என்று சொல்லி வைத்துவிடுகிறாய். எழுதினால் பதில் எழுதித்தான் ஆக வேண்டும். அதனால் எழுதுகிறேன்.

எனக்கு ஒரு மலைச் சைக்கிள் வேண்டும். சிரிக்காதே. தேனீப் பெட்டிகளை இப்போது மூன்று சரிவுகளில் வைத்திருக்கிறேன். ஏறிப் போய்விடுகிறேன். இறங்கும்போதுதான் முழங்காலில் ஆணி அடிப்பது போல் இருக்கிறது. டாக்டரிடம் போனேன். "இறக்கத்துல நடக்காதீங்கம்மா. சைக்கிள் மிதிச்சா கெடுதல் இல்ல" என்றார். அவர் சொன்னது வீட்டுக்குள் நிறுத்தி வைத்து மிதிக்கிற சைக்கிளை. அதை மிதித்து நான் எந்தப் பெட்டிக்குப் போய்ச் சேர்வேன்?

இந்தப் பூக்காலத்தில் பெட்டிகளைச் சரியாகப் பார்க்க முடியாவிட்டால் விற்றுவிட வேண்டியதுதான். பால் வண்டிக்காரன் விலை பேச வந்துவிட்டான். பெட்டிகள் போனால் நான் உன் வீட்டு சோபாவில் வந்து உட்கார்ந்து டி.வி. பார்க்க வேண்டும். அது உனக்கும் நல்லதில்லை, எனக்கும் நல்லதில்லை.

நூலகத்தில் கிடந்த சைக்கிள் பத்திரிகைகளை ஒன்று விடாமல் படித்துவிட்டேன். என் பள்ளிக்கூடம் எட்டாவதோடு முடிந்தது. ஆனால் எனக்கு வேண்டியதைப் படித்துப் புரிந்துகொள்ள நான் யாரிடமும் போய் நின்றதில்லை. முன் சக்கரத்துக்கு மட்டும் ஸ்பிரிங் இருந்தால் போதும். விலை குறைந்த வண்டியில் பின்னாலும் ஸ்பிரிங் இருந்தால் அது வெறும் கனம், பார்வைக்கு வைத்தது. டிஸ்க் பிரேக் வேண்டும், ஈரத்திலும் பிடிக்கும். டயர் அகலமாக, கட்டை கட்டையாக இருக்க வேண்டும். கடைகள் உன் பக்கத்தில்தான் இருக்கின்றன. பார்த்து எழுது.

அன்புடன்,
அக்கா

பிப்ரவரி 11

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். ஆபீஸ் விட்டு வரும் வழியில் இரண்டு கடைகளில் விசாரித்தேன். சிவப்பு நிறத்தில் புது வண்டி ஒன்று பார்த்தேன். இருபத்தொரு கியர், முன்னும் பின்னும் ஸ்பிரிங், தள்ளுபடியும் உண்டு. எங்கள் பல் டாக்டரம்மாவும் தன்னுடைய மலைச் சைக்கிளை விற்கப்போவதாகச் சொன்னார். சின்னவளுக்குப் பல்லில் கம்பி போட்டவர். ஆனால் பழையதை எதை நம்பி வாங்குவது? புதிது என்றால் வாரன்டி இருக்கும்.

கோபப்படாமல் படியுங்கள். இந்த வயதில் விழுந்துவிட்டால் என்ன செய்வது? அங்கே நாலு பேர் பார்த்து என்ன சொல்வார்கள்? பெட்டிகளைக் கொடுத்துவிட்டு இங்கே வந்துவிடுங்கள் என்றுதான் நானும் என் மனைவியும் நினைக்கிறோம்.

அன்புடன்,
தம்பி

பிப்ரவரி 16

அன்புள்ள தம்பிக்கு,

அந்த நாலு பேரில் ஒருவர்கூட இதுவரை என் பெட்டிக்கு ஒரு கை கொடுக்க வந்ததில்லை. அவர்கள் சொல்வதை அவர்களே கேட்டுக்கொள்ளட்டும்.

பின்னால் ஸ்பிரிங் வேண்டாம் என்று எழுதியிருந்தேன். நீ அதைத்தான் முதலில் பார்த்துவிட்டு வந்திருக்கிறாய். சின்ன வயதிலும் எதை வாங்கி வரச் சொன்னாலும் பக்கத்தில் இருப்பதைத்தான் வாங்கி வருவாய்.

பழையதே வாங்கு. புது வண்டியில் மட்டமானது கிடைக்கிற விலைக்குப் பழையதில் ஒரு படி மேலானது கிடைக்கும். டாக்டரம்மாவின் வண்டியைப் போய்ப் பார். ஃபிரேமில் பற்றவைத்த இடங்களில் எல்லாம் நகத்தை ஓட்டிப் பார். மயிரிழை விரிசல் இருந்தாலும் திரும்பி வந்துவிடு. பெயின்ட்டில் கீறல் இருந்தால் பரவாயில்லை. முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு வண்டியை முன்னும் பின்னும் ஆட்டு, கடகடவென்றால் ஆகாது. சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிவிடு. பாம்பு போல நெளியக் கூடாது. நீயே ஏறி, மேட்டில் எல்லா கியரையும் மாற்றிப் பார்.

எல்லாவற்றையும்விட முக்கியம் அளவு. காலைப் பரப்பி வண்டிமேல் நின்றால் இரண்டு பாதமும் தரையில் பட வேண்டும், நடுக் கம்பி உடம்பில் இடிக்கக் கூடாது. மலையில் சட்டென்று நிற்க வேண்டிவரும். என் உயரமும் உட்கால் அளவும் கீழே எழுதியிருக்கிறேன். காலிடுக்கில் புத்தகத்தை வைத்துச் சுவரோடு நின்று அளக்க வேண்டும் என்று போட்டிருந்தது, அப்படியே அளந்தேன். தம்பிக்கு இதையெல்லாம் எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனால் அளவு தப்பினால் எல்லாம் தப்பு. அந்த அம்மாவிடம் அளவைச் சொல்லிக் கேள்.

அக்கா

பிப்ரவரி 27

அன்புள்ள அக்காவுக்கு,

டாக்டரம்மாவின் வண்டியையே வாங்கிவிட்டேன். நீங்கள் சொன்னபடி எல்லாம் பார்த்தேன். விரிசல் இல்லை, ஆட்டமில்லை. அவரிடம் அளவையும் சொன்னேன், சரியாக இருக்கும் என்றார். லாரி பார்சலில் அனுப்பியிருக்கிறேன். பார்த்து ஓட்டுங்கள்.

தம்பி

மார்ச் 9

அன்புள்ள தம்பிக்கு,

வண்டி வந்து சேர்ந்தது. நல்ல வண்டி. சிரமப்பட்டு அனுப்பியதற்குச் சந்தோஷம். பிள்ளைகளைக் கேட்டதாகச் சொல்.

முன் பிரேக்கில் ஒரு சந்தேகம் கேட்க வேண்டும். அந்த டாக்டரம்மாவின் போன் நம்பரை அனுப்பு.

அக்கா

மார்ச் 20

தம்பிக்கு,

நேற்று கடைத்தெருவுக்குப் போய் உன் டாக்டரம்மாவிடம் போனில் பேசினேன்.

"வண்டி உங்க மருமகனுக்குச் சரியா இருக்காம்மா?" என்று கேட்டார்.

"எந்த மருமகன்?"

"உங்க தம்பி பையன்தான். பதினஞ்சு வயசுன்னு சொன்னாரே. இப்போதைக்குக் கொஞ்சம் பெருசா இருக்கும், வளர்ற பையன், சீக்கிரம் சரியாப் போயிடும்னு நான்தான் சொன்னேன்."

என் தம்பிக்கு இரண்டும் பெண்ணம்மா, பையனே கிடையாது என்றேன். "பையனே இல்லையா?" என்று இரண்டு தடவை கேட்டார். பிறகு, "அப்ப வண்டி உங்களுக்கா? சொல்லியிருந்தா நான் வித்திருக்கவே மாட்டேனே. உங்க அளவுக்கு இது ஒரு சைஸ் பெருசும்மா" என்றார்.

நான் வளரப் போவதில்லை, தம்பி.

இதுவரை உனக்கு எழுதாததை இப்போது எழுதுகிறேன். வண்டி வந்த மறுநாளே விழுந்துவிட்டேன். வளைவில் ஒரு நாய் குறுக்கே வந்தது. பிரேக் பிடித்தது, வண்டி நின்றது, என் கால் தரையைத் தொடவில்லை. பள்ளத்துப் பக்கமாகச் சாய்ந்தேன். விலா எலும்பில் இன்னும் வலி. டாக்டரிடம் குளியலறையில் வழுக்கியதாகச் சொன்னேன். உனக்கு "நல்ல வண்டி" என்று எழுதினேன். இவ்வளவு படித்து, உனக்கு இவ்வளவு உபதேசம் செய்துவிட்டு, விழுந்தேன் என்று எழுத வெட்கமாக இருந்தது. அளந்ததில் நான்தான் தப்புச் செய்தேன் என்று நினைத்தேன். வலியோடு திரும்பத் திரும்பச் சுவரோடு நின்று அளந்தேன். ஒவ்வொரு தடவையும் அதே அளவுதான் வந்தது. அதனால்தான் அந்த அம்மாவின் நம்பரைக் கேட்டேன்.

நீ புது வீட்டுக்குக் குடிபோன அன்று உன் ஆபீஸ்காரர்கள் என்னைப் பார்த்து யார் என்று கேட்டார்கள். "ஊர்லேருந்து வந்திருக்காங்க" என்றாய். எங்கிருந்து வந்தேன் என்று சொன்னாய், யார் என்று சொல்லவில்லை. அன்று அவசரத்தில் சொல்லிவிட்டாய் என்று நானே சமாதானம் செய்துகொண்டேன். இப்போது எனக்குப் பதிலாக, பெறாத பிள்ளையைக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறாய்.

ஊரிலிருந்து வந்தவள்

மார்ச் 26

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கடிதத்தை ஆபீஸில் வைத்துப் படித்தேன். எழுந்து வெளியே போய் நின்றுகொண்டேன்.

நடந்ததை அப்படியே எழுதுகிறேன். கிளினிக்கில் பத்துப் பதினைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள், என் மேலதிகாரியின் மனைவி உட்பட. டாக்டரம்மா அறைக்குள்ளிருந்தே, "சைக்கிள் யாருக்கு சார்?" என்று சத்தமாகக் கேட்டார். அறுபது தாண்டிய அக்காவுக்கு என்று சொன்னால் எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்கள் என்று தோன்றியது. "பையனுக்கு" என்று வாயில் வந்துவிட்டது. பிறகு வயது கேட்டார், அதற்கும் ஒன்று சொன்னேன். வளர்கிற பையன் என்று அவர் சொன்னபோது, பெரிதாகப் போய்விடுமே என்று எனக்கும் உறைத்தது. சொன்னதை மாற்றிச் சொல்ல வாய் வரவில்லை. சரி என்றேன். உங்களை விழத் தள்ளியது அந்த ஒரு "சரி"தான்.

வீட்டில் சொன்னேன். பெரியவள், "எங்களுக்கு அண்ணனா தம்பியாப்பா?" என்று கேட்டுவிட்டு எழுந்து போய்விட்டாள். மூன்று நாளாகப் பேசவில்லை.

மன்னியுங்கள் என்று கேட்க எனக்கு முகமில்லை. வண்டியைத் திருப்பி அனுப்புங்கள். டாக்டரம்மா எடுத்துக்கொள்கிறேன் என்கிறார். எலும்பை முதலில் நன்றாகக் காட்டுங்கள். டாக்டரிடம் உண்மையைச் சொல்லுங்கள்.

தம்பி

ஏப்ரல் 2

தம்பிக்கு,

டாக்டரிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். அவர் சிரித்துவிட்டு, எலும்பு உடையவில்லை என்றார். வண்டியை லாரியில் ஏற்றிவிட்டேன். பால் வண்டிக்காரனிடம் பெட்டிகள் விற்பனைக்கு இல்லை என்று சொல்லியாகிவிட்டது. ஆகவே எனக்கு வண்டி வேண்டும்.

பழைய வண்டிகளைப் பழுது பார்த்து விற்கிற கடை ஒன்றை டாக்டரம்மா சொன்னார். சின்ன அளவு அங்கே கிடைக்குமாம். வியாழக்கிழமை பஸ்ஸில் வருகிறேன். நீ லீவு போட்டுவிட்டு என்னோடு வர வேண்டும். யாருக்கு என்று கடையில் கேட்பார்கள். நான் வாயைத் திறக்க மாட்டேன். நீ சொல்ல வேண்டும். சொல்ல முடியாது என்றால் பஸ் ஸ்டாண்டுக்கே வராதே. நான் வந்த பஸ்ஸிலேயே திரும்பிவிடுகிறேன். அதன் பிறகு கடிதம் வேண்டாம்.

அக்கா

ஏப்ரல் 12

அன்புள்ள தம்பிக்கு,

நல்லபடியாக வந்து சேர்ந்தேன். வந்ததிலிருந்து எழுத உட்கார்கிறேன், எழுந்துவிடுகிறேன்.

நீ வந்திருந்தாய். கடைக்காரர், "வண்டி யாருக்கு சார்?" என்றதும் சொன்னாய். முதல் தடவை அவருக்குக் கேட்கவில்லை. "எங்க அக்காவுக்கு. இதோ நிக்கிறாங்களே, இவங்களுக்குத்தான். மலையில தேனீ வளக்கிறாங்க" என்று கடை முழுக்கக் கேட்கும்படி சொன்னாய். பஞ்சர் ஒட்ட வந்தவர்கள், ஹெல்மெட் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்த பெண்கள், எல்லாரும் திரும்பினார்கள். உன் காது சிவந்திருந்தது. ஆனால் நீ தலையைக் குனியவில்லை.

அந்த மனிதர் சின்ன அளவு வண்டியை உருட்டிக்கொண்டு வந்தார். பார்த்த உடனே தெரிந்தது, அதுதான் என் வண்டி. "ஏறி நின்னு பாருங்கம்மா" என்றார். என் கால் எழும்பவில்லை, தம்பி. முழங்காலால் அல்ல. அத்தனை பேர் முன்னால் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு காலைப் பரப்பி நிற்பதை நினைத்ததும் உடம்பெல்லாம் எரிந்தது. "கலர் பிடிக்கல" என்று சொல்லிவிட்டேன். நானா கலர் பார்க்கிறவள்? கடைக்காரர் வேறு கலர் காட்ட ஓடினார். நான் அதற்குள் வாசலில் இருந்தேன்.

பஸ் ஸ்டாண்டில் டீ வாங்கிக் கொடுத்தாய், ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சண்டை போட்டிருப்பேன். உன்மேல் இருந்த கோபத்தைப் பிடித்துக்கொண்டுதான் வந்தேன். திரும்பும்போது பிடித்துக்கொள்ள அதுவும் இல்லை. வழி நெடுக ஜன்னல் பக்கமே முகத்தை வைத்துக்கொண்டு வந்தேன்.

இதனால் நீ கிளினிக்கில் செய்தது சரியென்று ஆகிவிடாது. அதை நான் விடப் போவதில்லை. ஆனால் உனக்கு அன்று வாய் எப்படி அடைத்திருக்கும் என்று எனக்கு இப்போது தெரியும். தெரியாமலே இருந்திருக்கலாம்.

அந்த வண்டியை வேறு யாருக்கும் கொடுத்துவிட வேண்டாம் என்று கடைக்காரரிடம் சொல்லி வை. வருகிற வியாழக்கிழமை மறுபடியும் வருகிறேன். தையல்காரியிடம் இரண்டு பேன்ட் தைக்கக் கொடுத்திருக்கிறேன். நீ கடை வாசல்வரை வந்தால் போதும், வெளியே நில். உள்ளே நான் தனியாகப் போய்க் கேட்டு வாங்கிக்கொள்கிறேன்.

அன்புடன்,
உன் அக்கா