புது கார்புரேட்டர்

12 மார்ச் 1981, வியாழன்

ஜீப்புக்கு இன்று புது கார்புரேட்டர் மாட்டியாயிற்று. பழையதில் பெட்ரோல் வழிந்து, மேடு வந்தாலே வண்டி திணறி நின்றுவிடும். செல்லூர் பட்டறையில் மாட்டி முடித்ததும் முதல் அழுத்திலேயே இன்ஜின் பிடித்துக்கொண்டது. "இனி எங்க வேணாலும் போங்கண்ணே" என்றார் மெக்கானிக்.

சமயநல்லூருக்குத் திரும்பும் வழியில், பஸ் நிறுத்தத்தில் தம்பி நின்றிருந்தான். அப்பா விட்டுப்போன கிணற்றில் பங்குத் தகராறு வந்த பிறகு நாங்கள் பேசிக்கொள்வதில்லை. அவன் மனைவி நிறைமாத வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தாள். வண்டியை நிறுத்தினேன்.

"ஏறும்மா" என்று அவளிடம்தான் சொன்னேன். தம்பியும் ஏறிக்கொண்டான்.

வண்டியைத் திருப்பி மதுரைப் பெரியாஸ்பத்திரிக்கு விட்டேன். பாலத்து ஏற்றத்தில்கூட வண்டி திணறவில்லை. அவளை உள்ளே கொண்டுபோனார்கள். நாங்கள் வராந்தாவில் ஆளுக்கொரு பக்கம் நின்றோம். பொழுது சாயும்போது குழந்தையின் அழுகை கேட்டது. நர்ஸ் தம்பியை உள்ளே கூப்பிட்டாள். பார்த்துவிட்டு வந்தவன் என் பக்கத்தில் நின்றான்.

"வண்டி இப்ப நிக்காம ஓடுதுண்ணே."

"கார்புரேட்டர் மாத்திருக்கேன்."

சாவியை எடுத்துக்கொண்டு வண்டிக்கு நடந்தேன். கிளம்பி வந்துவிட்டேன்.

இதை எழுதும்போதுதான் உறைக்கிறது. என்ன குழந்தை என்று நான் கேட்கவே இல்லை.