ஏசிக்குள் மைனாக் கூடு

அக்கா,

போனில் சொன்னால் அம்மா காதில் விழும். அதனால் எழுதுகிறேன்.

ஏசி மெக்கானிக் வீட்டிலேயே, இந்த வெயிலில் ஏசி ஓடாமல் அப்பா போய்விட்டாரே என்று கேட்டாய். மெஷினில் ஒரு கோளாறும் இல்லை. பிரேக்கரை இறக்கி டேப் ஒட்டியவர் அப்பாதான். வெளியே மாட்டிய யூனிட்டில், ஃபேனை ஒட்டி மைனா குஞ்சு பொரித்திருக்கிறது.

"பறக்கற வரைக்கும்தான்டா. நான் என்ன ஐஸ்கிரீமா, உருகிப்போக?" என்றார். அம்மாகூடச் சிரித்தாள். மத்தியானம் அவள் எழுப்பியபோது அவர் உடம்பு கொதித்தது. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது.

எல்லா ஜீவனுக்கும் தண்ணீர் வைத்த மனுஷர் என்று வருகிறவர்கள் புகழ்கிறார்கள். எனக்கு எரிச்சலாக இருக்கிறது.

அம்மா இப்போது ஏசி போடாமல் அப்பா படுத்த அதே அறையில்தான் படுக்கிறாள். நேற்று தலை சுற்றி விழுந்தாள். கூட்டை அட்டைப்பெட்டிக்கு மாற்றப் போனேன், ஸ்க்ரூடிரைவரைப் பிடுங்கிக்கொண்டாள்.

"அவர் உசிரைக் கொடுத்துக் காப்பாத்தினதுடா. கை வச்சே, அப்புறம் எனக்குப் பிள்ளையே இல்லை."

உன் பேச்சுக்குத்தான் அடங்குவாள். உடனே கிளம்பி வா. ஆனால் அதுவரை நான் காத்திருக்கப் போவதில்லை. அவள் குளிக்கப் போனதும் கூட்டை எடுத்துவிட்டு ஏசியைப் போடுவேன். தாய் மைனா பெட்டியைத் தேடி வராவிட்டால் குஞ்சுகள் செத்துப்போகும். அப்பா செத்ததும் வீணாகிவிடும். தெரிந்துதான் செய்கிறேன். எனக்கு அம்மா வேண்டும்.

உன் தம்பி