ஓடு மாற்ற வரும் ஆட்கள்

ரேணிகுண்டா
5-9-1960

அன்புள்ள அம்சவேணிக்கு,

நான் சுகம். நீயும் உன் அண்ணன் கோவர்த்தனன் வீட்டாரும் சுகமென்றே நம்புகிறேன். நானே பொங்கித் தின்கிறேன். பூனைகூட என் சோற்றை மோந்து பார்த்துவிட்டுப் போகிறது.

மழைக்கு முன் ரயில்வே குவார்ட்டர்ஸ் வரிசை முழுக்க ஓடு மாற்றப் போகிறார்களாம். நம் வீட்டுக்கு 20ஆம் தேதி. காண்டிராக்டர் ஆட்கள் வரும்போது வீட்டில் யாராவது இருந்து கதவைத் திறக்க வேண்டுமென்று நோட்டீஸ் ஒட்டியிருக்கிறார்கள். நீ வந்துவிட்டால் நல்லது. பத்து மாதமாயிற்று, கோபம் போதும்.

இப்படிக்கு,
முனிகிருஷ்ணன்

பள்ளிப்பட்டு
9-9-1960

ரத்னாவின் நைனாவுக்கு,

எங்கள் ஊர் ஏப்ரலில் மெட்ராஸோடு சேர்ந்துவிட்டது. ஆனாலும் தபால் நாலே நாளில் வருகிறது. உங்களுக்குத்தான் எழுதப் பத்து மாதமாயிற்று.

கதவைத் திறக்க என்னையா கூப்பிடுகிறீர்கள்? போன வருஷமும் ஓடு மாற்ற ஆட்கள் வந்தார்கள். மூன்று முறை தட்டினார்கள். ரத்னாவை இடுப்பில் வைத்துக்கொண்டு உள்ளே மூச்சுவிடாமல் நின்றேன். அன்று காலை டியூட்டிக்குப் போகும்போது, "நா இல்லாதப்ப எவன் வந்தாலும் கதவத் தெறக்காத" என்று நீங்கள் சொல்லிவிட்டுப் போனீர்கள். வீடு பூட்டிக் கிடந்ததென்று எழுதிக்கொண்டு அவர்கள் அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார்கள். ஐப்பசி மழையில் தூளியை இடம் மாற்றி மாற்றிக் கட்டினேன். எங்கே கட்டினாலும் ஒழுகியது. சளியும் காய்ச்சலுமாகக் கிடந்து எட்டாம் நாள் ரத்னா போய்விட்டாள்.

குழந்தையை எடுத்துப்போன அன்று எல்லார் முன்னாலும் உங்கள் அம்மாவிடம், "இவ கதவத் தெறந்திருந்தா ஒழுகியிருக்காது" என்றீர்கள். மீதியையும் சொல்வீர்கள் என்று உங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். சொல்லவில்லை. அதனால்தான் வந்துவிட்டேன், கோபித்துக்கொண்டு அல்ல.

அம்சவேணி

ரேணிகுண்டா
21-9-1960

என் அம்சவேணிக்கு,

நேற்று லீவு போட்டு வீட்டில் இருந்தேன். ஆட்கள் தட்டியதும் திறந்தேன். அரை நாள் வேலை. அவ்வளவுதான் அம்சா, அரை நாள். அவர்கள் போனபின் கதவைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

ஊரிலிருந்து வந்திருந்த அம்மாவையும் வரிசை வீட்டாரையும் கூப்பிட்டு, "தெறக்காதன்னு சொன்னவன் நான்தான், அவ மேல தப்பு இல்ல" என்று சொன்னேன். அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். ஊர்ப் பழிக்குப் பயந்து அன்று உன்மேல் போட்டேன். மன்னித்துவிடு.

ஏணி வைத்து ஏறி, ஓட்டின்மேல் எட்டுக் குடம் தண்ணீர் ஊற்றிப் பார்த்தேன். ஒரு சொட்டு ஒழுகவில்லை. வந்துவிடு.

உன்
முனிகிருஷ்ணன்

பள்ளிப்பட்டு
2-10-1960

ரத்னாவின் நைனாவுக்கு,

கடிதத்தை நாலு முறை படித்தேன். இனி உங்கள்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. நீங்கள் சொல்லிவிட்டால் திரும்பிவிடலாம் என்றுதான் இத்தனை நாள் நானும் நினைத்திருந்தேன். புடவைகளைக்கூட மடித்துப் பெட்டியில் வைத்தேன். ஆனால் அங்கே வந்தால் மழை பெய்யும்போதெல்லாம் அண்ணாந்து பார்ப்பேன், ஓடு ஒழுகாது. அதை என்னால் தாங்க முடியாது.

என்னிடமிருந்த வீட்டுச் சாவியை இந்தக் கடிதத்தோடு அண்ணனிடம் கொடுத்தனுப்புகிறேன். ஓவர்சீயரிடம் கொடுத்து வையுங்கள். நீங்கள் இல்லாதபோது ஆட்கள் வந்தால் அவர்களே திறந்துகொள்ளட்டும்.

நேரத்துக்குச் சாப்பிடுங்கள்.

அம்சவேணி