மூண்டு வருசக் கிழங்கு

திரியாய்
14.08.2022

இஞ்சாருங்கோ,

சுகமா வந்து சேர்ந்திட்டன். அம்மாவுக்குக் கண் ஒப்பரேசன் செய்த இடம் ஆறி வருகுது. ஆனால் சும்மா கிட எண்டால் கிடக்கிற ஆளோ அவ? ஒற்றைக் கண்ணால பார்த்துக்கொண்டே என்ர சமையலுக்குக் குற்றம் சொல்றா.

போன் எடுக்கேல்லை எண்டு கோவிக்காதீங்கோ. போனில நீங்கள் குரலைத் தழைச்சால் நான் இளகிப்போவன், கேட்க வந்ததைக் கேட்கமாட்டன். கலியாணம் முடிச்ச நாளில இருந்து அதுதானே நடக்குது. அதுதான் பஸ் கண்டக்டர் திலக்சன் கையில கடிதம் குடுத்து விடுறன்.

பின்வளவில லில்லிப் பாத்திக்குத் தண்ணி விடாதீங்கோ. செத்துப்போச்சு எண்டு நினைப்பீங்கள். இல்லை, படுத்திருக்கு. மழை வந்தால் எழும்பும். மஞ்சள் இலையையும் வெட்டவேண்டாம், தானா உதிரட்டும். இலைதான் கிழங்குக்குச் சோறு.

கிண்ணியாவில பூக்கண்டு விக்கிற இக்ராம் நானா திரும்பவும் லில்லிக் கிழங்கு கேட்டு வந்தால் இல்லையெண்டு சொல்லுங்கோ. டொலர் இல்லாமல் வெளிநாட்டில இருந்து கிழங்கு வாறது நிண்டதில இருந்து ஹோட்டல்காரர் பூந்தோட்டத்துக்கு வேணுமெண்டு அவரைப் போட்டு அரிக்கினமாம். இஞ்ச வச்சிருந்த சனமும் நல்ல விலை எண்டவுடன எல்லாத்தையும் கிண்டி வித்துப்போட்டு, இப்ப பெருக்கிறதுக்குத் தாய்க் கிழங்கு இல்லாமல் நிக்குது. விதை போட்டால் பூக்க மூண்டு வருசம். ஆருக்குப் பொறுமை இருக்கு?

எனக்கு இருந்தது. சிவப்புப் பூவில வெள்ளைப் பூவின்ர மகரந்தத்தைப் பஞ்சால தொட்டு வச்சு எடுத்த விதையில வந்தது அந்தப் பாத்தி. இந்த மழைக்குத்தான் முதன்முதல் பூக்கப்போகுது. என்ன நிறம் எண்டு எனக்கே தெரியாது. முதல் மொட்டு எழும்பின உடன சொல்லி விடுங்கோ, ஓடி வாறன். என்ர கண்ணால பார்க்கவேணும். உங்களிட்ட வேறொண்டும் நான் கேட்கேல்லை.

நேரத்துக்குச் சாப்பிடுங்கோ.

உங்கட
லச்சு


பாலையூற்று
27.08.2022

அன்பான லச்சு,

உன்ர கடிதம் கிடைச்சுது. ஒரே மாவட்டத்துக்குள்ள இருந்துகொண்டு கடிதம் எழுதுற புருசன் பெண்சாதி நாங்கள்தான் எண்டு பெயின்ற் கடையில சிரிக்கிறாங்கள். உட்துறைமுக வீதியில இப்ப கப்பல்காரரை விடப் பெற்றோல் லைனில நிக்கிற ஆக்கள்தான் கூட. சாப்பாடு கோணேஸ்வரி அக்கா வீட்டில. குறையில்லை, ஆனால் உன்ர சொதி இல்லை.

அக்காவின்ர பிள்ளை பெரியபிள்ளையானதுக்குச் சாமத்தியவீடு ஒக்டோபர் ஒன்பதாம் திகதி வச்சிருக்கு. நான் தாய்மாமன், வெறுங்கையோட போய் நிக்க ஏலாது. பூவுக்கும் சோடினைக்கும் விலை கேட்டால் தலை சுத்துது.

கோணேஸ்வரி அக்கா சொன்னதை மனசில வச்சிருக்காதை. மாமன் பெண்சாதிதான் சடங்கில பிள்ளைக்குத் தண்ணி வார்க்கவேணும் எண்டு எனக்கும் தெரியும். பிள்ளையில்லாத ஆள் வார்த்தால் கூடாது எண்டு சாதகம் பார்க்கிற சாத்திரி சொன்னாராம். ஒரு நாள் விசயம்தானே, விட்டுக்குடு.

பாத்தியை நான் பார்த்துக்கொள்ளுறன்.

அன்புடன்
லதீசன்


திரியாய்
01.10.2022

இஞ்சாருங்கோ,

இஞ்ச நல்ல மழை. அங்கயும் பெய்ததாம். மொட்டு வந்திருக்கவேணுமே? பின்வளவுக்கு ஒருக்கால் போய்ப் பாருங்கோ. குனிஞ்சு பாருங்கோ, நிலத்தோட ஒட்டித்தான் கிளம்பும்.

ஒரு நாள் விசயம் எண்டு எழுதியிருந்தீங்கள். சடங்கு முடியும்வரைக்கும் அவள் தாய்வீட்டில நிக்கட்டும் எண்டு உங்கட அக்கா சொன்னதை நான் குசினிக்குள்ள நிண்டு கேட்டனான். நீங்கள் முற்றத்தில நிண்டீங்கள். வாய் திறக்கேல்லை. அம்மாவின்ர கண் எனக்கு ஒரு சாட்டு, அவ்வளவுதான்.

டொக்டர் ரெண்டு பேரையும் வரச் சொன்னவர். நான் தனியப் போனனான். என்னில ஒரு குறையும் இல்லையெண்டு சொன்னதை வீட்டுக்கு வந்து உங்களுக்குச் சொன்னனான். நீங்கள் பிறகு போவம், பிறகு போவம் எண்டு கடத்திக்கொண்டு வந்தீங்கள். அதையெண்டாலும் அக்காவுக்குச் சொல்லலாமே. ‘நான்தான் பரிசோதனைக்குப் போகேல்லை’ எண்ட ஒரு வசனம். அதைச் சொன்னால் உங்கட தலை கழண்டு விழாது.

மொட்டைப் பார்த்து எழுதுங்கோ.

லச்சு


பாலையூற்று
04.10.2022

அன்பான லச்சு,

பார்த்தனான். மொட்டு ஒண்டும் இல்லை. இஞ்ச மழை காணாது. நீ இந்தக் கிழமை வெளிக்கிட்டு வராதை, வீண் அலைச்சல். வந்தவுடன நானே சொல்லுவன்.

மற்றக் கதையை நேரில கதைப்பம். கடிதத்தில வேண்டாம்.

லதீசன்


திரியாய்
19.10.2022

லதீசன்,

பெயர் சொல்லிக் கூப்பிடுறன். வேறென்ன எண்டு கூப்பிடுறது எண்டு தெரியேல்லை.

உங்கட அக்கா சாமத்தியவீட்டுப் படங்களைப் பேஸ்புக்கில போட்டிருக்கிறா. தங்கச்சி காட்டினவள். பிள்ளை வடிவா இருக்கிறாள், அவள் நல்லா இருக்கட்டும். அவளுக்குப் பின்னால மணவறை. மணவறைக்கு ரெண்டு பக்கமும் வேரோட கிண்டி வாளியில வச்ச லில்லி. தங்கத்தாள் சுத்தியிருந்தாலும் வாளி தெரியுது, உங்கட கடையில இருந்து நான் கெஞ்சி வாங்கின நீலப் பெயின்ற் வாளி.

வெள்ளை. ஓரத்தில மட்டும் சிவப்பு, குங்குமத்தை விரலால இழுத்துவிட்ட மாதிரி. பூவின்ர தொண்டைக்குள்ள இளம்பச்சை. மூண்டு வருசமா என்ன நிறம், என்ன நிறம் எண்டு படுக்கையில கூட உங்களிட்டக் கேட்பன், நீங்கள் நித்திரையிலயும் ஊதா எண்டு சொல்லிச் சிரிப்பீங்கள். அதை நான் தங்கச்சியின்ர போனில, ஆரோ ஒரு மனுசியின்ர சீலைக்குப் பக்கத்தில பார்த்தனான்.

தண்ணி வார்க்க என்ர கை ஆகாது. அந்தக் கையால வளர்த்த பூ ஆகும். இது எந்தச் சாத்திரி சொன்னது?

மொட்டில்லை எண்டு எனக்கு எழுதேக்குள்ள பாத்தியைக் கிண்டி முடிச்சிட்டீங்களோ, இல்லாட்டி எழுதிப்போட்டுத்தான் கிண்டினீங்களோ? அதை மட்டும் சொல்லுங்கோ.

லக்சாயினி


பாலையூற்று
06.11.2022

அன்பான லச்சு,

பிழை என்னில. மாமன் என்ன கொண்டுவந்தவன் எண்டு சபையில கேட்பினமே எண்டு பயந்துபோனன். பூத்து நிண்டதைப் பார்த்து அக்காதான் கேட்டவ. இல்லை எண்டு சொல்ல வாய் வரேல்லை. உனக்கு எழுதிப்போட்டுத்தான் கிண்டினனான்.

ஆனால் ஒண்டும் எறியேல்லை. எல்லாக் கிழங்கையும் திலக்சன்ர பஸ்ஸில கோதுமை மாப் பையில போட்டு அனுப்பியிருக்கிறன். விசேசம் முடிஞ்சு அக்காவும் நானும் இருந்து இலையெல்லாம் ஒட்ட வெட்டி, வேரை நறுக்கி, நல்லாக் கழுவித்தான் கட்டினனாங்கள். ஒரு துளி மண் இருக்காது. திரும்ப நட்டால் வரும்தானே. நீயும் வந்திடு.

லதீசன்


பாலையூற்று
10.09.2023

அன்பான லச்சு,

எத்தினையோ கடிதம் போட்டிட்டன், பதில் இல்லை. இதுக்கெண்டாலும் போடு.

கிளினிக்குக்குப் போனனான். ரெண்டு தரம் சோதிச்சுப் பார்த்தவை. குறை என்னிலதானாம். மருந்தால சரிவருமோ எண்டு சொல்ல ஏலாதாம். உன்னை எவ்வளவு நோகடிச்சிட்டன் எண்டு இப்பதான் விளங்குது. வீட்டுக்கு வா. இனி ஒரு சொல் உன்னை ஆரும் சொல்ல விடமாட்டன்.

இந்தக் கதை எங்கள் ரெண்டு பேருக்குள்ள இருக்கட்டும். ஒருதருக்கும் சொல்லாதை, முக்கியமா அக்காவுக்கு. அவ தாங்கமாட்டா.

உன்ர
லதீசன்


திரியாய்
08.10.2023

திரு. லதீசன் அவர்களுக்கு,

கடிதம் கிடைச்சுது. வாசிச்சு நான் சந்தோசப்படேல்லை. கிளினிக்கில பேர் கூப்பிடும்வரைக்கும் தனிய இருந்திருப்பீங்கள். அந்தக் கதிரை எனக்குத் தெரியும். பாவமாத்தான் இருந்தது. அங்க வெளிக்கிட்டு வர எண்டு பெட்டியைக் கூட எடுத்துத் தூசி தட்டினனான், உண்மையைச் சொல்லுறன்.

பிறகு கடைசி வரிகளை வாசிச்சன்.

இவ்வளவு காலமும் ஊர் என்னைச் சொல்லேக்குள்ள நீங்கள் பேசாமல் இருந்தது தெரியாமல் எண்டு வைப்பம். இப்ப தெரியும். தெரிஞ்ச பிறகும் அந்தப் பேர் என்ர தலையிலயே கிடக்கட்டும் எண்டு கேட்கிறீங்கள். அக்கா தாங்கமாட்டா. நான் தாங்குவன், என்ன? பயப்படாதீங்கோ, சொல்லமாட்டன். சொல்லவேண்டிய ஆள் நான் இல்லை. பெட்டியைத் திரும்பப் பரண்மேல போட்டிட்டன்.

நீங்கள் கழுவி அனுப்பின கிழங்கில பாதி பைக்குள்ளயே அழுகிப்போச்சு. மிச்சத்தை நட்டு ஒரு வருசமாப் பார்க்கிறன். இந்த மழைக்கு மற்ற வீடுகளில லில்லி பூத்திருக்கு, இஞ்ச வெறும் இலை. அதுவும் புல்லு மாதிரி. இக்ராம் நானா வந்து பார்த்திட்டு, பூத்த கையோட இலையை ஒட்ட வெட்டினால் கிழங்கு உள்ளுக்க மெலிஞ்சுபோகும், இனி ரெண்டு மூண்டு வருசம் தேத்தவேணும் எண்டார். கிழங்கு ஏன் இவ்வளவு தட்டுப்பாடு எண்டு ஹோட்டல்காரர் கேட்டால் இந்தப் புல்லைப் பார்க்க உன்னட்டத்தான் அனுப்பவேணும் பிள்ளை எண்டு பகிடியும் விட்டார். நான் சிரிச்சனான்.

பின்வளவில குட்டிக் கிழங்கு ஏதும் முளைச்சிருந்தால் அப்பிடியே விடுங்கோ. எனக்கு அனுப்பவேண்டாம். கடிதமும் வேண்டாம். நான் அங்க வரப்போறதில்லை.

இஞ்ச இருக்கிறதுகள் எப்பவோ ஒரு நாள் பூக்கும். அண்டைக்கு ஒருதரையும் கூப்பிட்டுக் காட்டமாட்டன். எனக்கும் ஓடிப்போய்ப் பார்க்க அவசரமில்லை. என்ன நிறம் எண்டு தெரியும்தானே, உங்கட அக்காவின்ர படத்தில பார்த்தனான்.

சண்முகம் லக்சாயினி