மன்றாட்டுப் பெட்டியில் ஒரு சீட்டு

செப்டம்பர் 15, திங்கள்

ஆசிரியர் கூட்டத்துக்குப் பத்து நிமிடம் தாமதமாகப் போனேன். அதற்குள் என்னை மாணவர் நலப் பொறுப்பாளர் ஆக்கிவிட்டார்கள். அறையில் இல்லாதவன் தலையில் கட்டுவதுதானே வழக்கம். இதுவரை பார்த்துக்கொண்டிருந்த வரலாற்று டீச்சர் பிரசவ விடுப்பில் போகிறார். "பசங்ககிட்ட கொஞ்சம் சிரிச்ச முகமா இருங்க சார், அது போதும்" என்றார். இருபத்திரண்டு வருடமாக எட்டாம் வகுப்புக்கு அல்ஜீப்ரா நடத்துகிறவனிடம் சொல்கிற பேச்சா இது?

அதிபர் ஃபாதர் இரண்டு சாவிகள் கொடுத்தார். ஒன்று ஆலோசனை அறைக்கு. அங்கே ஒரு மேசை, மூன்று நாற்காலி, ஒரு டிஷ்யூ டப்பா, ஓடாத புரொஜெக்டர். மற்றொன்று சிற்றாலயத்தில் இருக்கும் மன்றாட்டுப் பெட்டிக்கு. பையன்கள் தங்கள் வேண்டுதலைப் பெயர் போடாமல் எழுதி அதில் போடுவார்கள். நான் வியாழன்தோறும் திறந்து, தேறுவதைப் பொறுக்கி, வெள்ளிக் காலைப் பூசையில் வாசிக்கக் கொடுக்க வேண்டும்.

"யார் எழுதினதுன்னு மட்டும் தேடாதீங்க. பசங்களுக்கு வாக்குக் கொடுத்திருக்கோம்" என்றார் ஃபாதர். தேட எனக்கு வேறு வேலை இல்லையா?

வீட்டில் சொன்னதும் மனைவி விழுந்து விழுந்து சிரித்தாள். "நம்ம பொண்ணு ஹாஸ்டல்லேர்ந்து அழுதுகிட்டே போன் பண்ணப்போ, 'இரு, அம்மாகிட்ட குடுக்கறேன்'னு நீட்டின ஆளாச்சே நீங்க!" 

செப்டம்பர் 16, செவ்வாய்

கண்ணாடி முன் சிரித்துப் பார்த்தேன். பல்வலிக்காரன் மாதிரி இருக்கிறது.

செப்டம்பர் 18, வியாழன்

நள்ளிரவு தாண்டியும் தூக்கம் வரவில்லை. எழுதினால் மனசு அடங்குமா பார்க்கிறேன்.

கடைசி மணி அடித்த பிறகு பெட்டியைத் திறந்தேன். நாற்பத்தொரு சீட்டு. சனிக்கிழமை ஃபுட்பாலில் ஜெயிக்க வேண்டும். அப்பாவுக்கு வேலை கிடைக்க வேண்டும். கணக்கு சாருக்கு ஒரு வாரம் காய்ச்சல் வர வேண்டும், அடைப்புக்குறிக்குள் 'லேசாக'. சிரித்துக்கொண்டே பிரித்தேன். அப்புறம் இது:

'ஆண்டவரே, என்னைச் சீக்கிரம் எடுத்துக்கொள்ளும். நான் இல்லாவிட்டால் வீட்டில் எல்லாருக்கும் நல்லது.'

 வாக்காவது மண்ணாவது! எட்டாம் வகுப்பு நோட்டுகள் திருத்துவதற்காக என் மேசையில்தான் கிடந்தன. ஐந்தாவது நோட்டிலேயே கண்டுபிடித்துவிட்டேன். அந்தக் கையெழுத்து பள்ளிக்கே தெரிந்தது. அச்சடித்த மாதிரி எழுதுவதால் பையன்கள் அவனை 'அச்சு' என்றுதான் கூப்பிடுவார்கள். தையல்காரர் மகன். யாரோடும் சேரமாட்டான், தனியாக உட்கார்ந்து சாப்பிடுவான். வேறு யாராக இருக்க முடியும்?

பள்ளி விட்டு அவன் போயிருந்தான். ஃபாதரிடம் ஓடினேன். அவர் தையல்காரர் கடைக்கு உடனே போன் செய்தார். செவ்வாய், வெள்ளி மட்டும் வரும் ஆலோசகர் அம்மாவையும் போனில் பிடித்தோம். அவனைத் தனியாக விட வேண்டாம், திட்ட வேண்டாம், காலையில் பெற்றோரோடு வரட்டும் என்றார். "நேராவே கேளுங்க சார். கேக்கறதால புதுசா அந்த எண்ணம் வந்துடாது."

 விஷயத்தைச் சொன்னதும் தையல்காரர் கடையில் ஓடிக்கொண்டிருந்த மெஷின் நின்றது போனில் கேட்டது.

செப்டம்பர் 19, வெள்ளி

நடந்ததை வரிசையாக எழுதிவிடுகிறேன்.

எட்டு மணிக்கு ஆலோசனை அறை. பெற்றோர் வராந்தாவில். அச்சு எதிரே. அவனைப் பார்த்து, நேராகக் கேட்டேன், "சாகணும்னு தோணுதாப்பா உனக்கு?" 

"எனக்கு இல்ல சார்."

சீட்டைக் காட்டினேன். "இது உன் கையெழுத்துதானே?"

"ஆமா. எழுதினது நான். ஆனா என்னோடது இல்ல."

அப்புறம்தான் விஷயம் வெளியே வந்தது. பாதி வகுப்புக்கு இவன்தான் சீட்டு எழுதித் தருகிறானாம். ஏன்? "கையெழுத்த வச்சுக் கண்டுபிடிச்சிடுவீங்கன்னு எல்லாருக்கும் பயம் சார். எல்லாம் ஒரே கையெழுத்தா இருந்தா தெரியாதுல்ல?"

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. அந்தப் பயம் சரிதான் என்று முந்தின நாள்தானே நிரூபித்திருந்தேன். சீட்டுகளை மறுபடி பிரித்துப் பார்த்தால் நாற்பத்தொன்றில் பத்தொன்பது அதே எழுத்து. இத்தனை வருடம் விடைத்தாள் திருத்தியவனுக்கு ஒன்றைக் கண்டதும் மீதி கண்ணில் படவில்லை!

"யார் எழுதச் சொன்னது?"

வாயைத் திறக்க மாட்டேன் என்கிறான். "சொல்லக்கூடாது சார். பாவசங்கீர்த்தனம் கேக்கற சாமியார் மாதிரி இருப்பேன்னு எல்லார்கிட்டயும் சத்தியம் பண்ணியிருக்கேன்."

கெஞ்சினேன். கத்தினேன். ஐயோ, அந்த நிமிஷம் வேற எந்தப் புள்ள எங்க நிக்கிறானோன்னு எனக்கு உயிரே இல்ல. பூசைக்கு உடை மாற்றிக்கொண்டிருந்த ஃபாதரைக் கையோடு இழுத்து வந்தேன். பாதி உடையில் வந்தார் மனிதர். அச்சுக்குப் பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"பாவசங்கீர்த்தனத்துல கேட்ட பாவத்த வெளிய சொல்லக்கூடாதுங்கற சட்டம் குருக்களுக்குத்தான்யா. உயிரே போனாலும் நான் சொல்லக்கூடாது, அது என் பாரம். உனக்குப் பதிமூணு வயசு. உன் தலையில அதை யாரும் ஏத்தல. இதைச் சொன்னா பாவம் இல்ல. சத்தியத்தை மீறினதாவும் கடவுள் எடுத்துக்க மாட்டார். நான் சொல்றேன்."

அச்சு அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு குலுங்கிக் குலுங்கி அழுதான். அந்தச் சீட்டை எழுதிக் கொடுத்த திங்கட்கிழமையிலிருந்து சோறு இறங்கவில்லையாம் பிள்ளைக்கு. அழுகைக்கு நடுவே சொன்னான்: "மைக்."

மைக்கா! வகுப்பில் வாய் ஓயாத பயல், அதனால்தான் அந்தப் பட்டப்பெயர். நான் கரும்பலகைப் பக்கம் திரும்பினால் என்னை மாதிரியே பேசிக் காட்டுகிறவன். இவனுக்கு என்ன கவலை என்று நானே எத்தனை முறை சொல்லியிருக்கிறேன்.

பூசைக்கு வரிசையில் நின்றுகொண்டிருந்தான். இருந்தான். தோளைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன், நிஜம்தானா என்று.

ஆலோசகர் அம்மா அதற்குள் வந்துவிட்டார். அவர்தான் கேட்டார். முதலில் "சும்மா ஜோக்குக்கு எழுதினேன் மிஸ்" என்று சிரித்தான். அவர் சிரிக்கவில்லை, காத்திருந்தார். நானும் காத்திருந்தேன். அந்த அறையில் நான் உருப்படியாகச் செய்த ஒரே காரியம் அதுதான். பிறகு சொன்னான். வீட்டில் அப்பா அம்மாவுக்குள் நாள் தவறாமல் சண்டை. போன மாதம் அம்மா இவனைப் பார்த்துச் சொல்லியிருக்கிறார், "உனக்காகத்தான் இந்த மனுஷனோட குப்பை கொட்டிக்கிட்டு இருக்கேன்." பயல் அன்றிலிருந்து கணக்குப் போட்டிருக்கிறான். நான் இல்லையென்றால் அம்மாவுக்கு விடுதலை என்று விடை வந்திருக்கிறது. பள்ளியில் மட்டும் எல்லாரையும் சிரிக்க வைத்துக்கொண்டு.

மைக்கின் அம்மா வேலையிடத்துச் சீருடையோடு ஓடி வந்தார். "கோபத்துல வாயில வந்தது சார், நெஞ்சுலேர்ந்து வரல" என்று என்னிடம் சொன்னார். "அவன்கிட்ட சொல்லுங்கம்மா" என்றேன். சொன்னார். மகனை மடியில் போட்டுக்கொண்டு சொன்னார். நானும் டிஷ்யூ டப்பாவில் ஒன்று எடுத்துக்கொண்டேன்.

மதியமே டாக்டரிடம் கூட்டிப் போனார்கள். பிள்ளை பத்திரம். பத்திரம். இன்னொரு முறை எழுதிக்கொள்கிறேன்: பத்திரம்.

செப்டம்பர் 20, சனி

மகளுக்கு நானாகப் போன் செய்தேன். "என்னப்பா, அம்மாவுக்கு உடம்பு சரியில்லையா?" என்று பதறினாள். சும்மாதான் என்றேன். நம்பவே இல்லை. நாற்பது நிமிடம் பேசினோம்.

செப்டம்பர் 23, செவ்வாய்

தையல்காரர் பள்ளிக்கு வந்தார். பிள்ளையைத் தவறாக நினைத்ததற்கு என்னைப் பிடிபிடியென்று பிடிக்கப் போகிறார் என்று தயாராக நின்றேன். மன்னிப்பும் கேட்டேன்.

"அட விடுங்க சார். அன்னிக்குக் கடைய அடைச்சிட்டுப் போய் அவன்கூட உக்காந்தேன். பேசறான் சார்! நான் கேட்டதே இல்லபோல" என்றார்.

அச்சுக்கு ஒரே கவலை, மைக் இனி தன்னோடு பேசுவானா என்று. காட்டிக்கொடுத்தவன் ஆகிவிட்டோமே என்கிறான். அப்படி இல்லை என்று நான் சொன்னால் ஆயிற்றா? மைக் சொல்ல வேண்டும்.

செப்டம்பர் 29, திங்கள்

மைக் வகுப்புக்கு வந்தான். வாரம் ஒருமுறை டாக்டர், இரண்டு முறை ஆலோசகர் அம்மா. அப்பா தற்காலிகமாகத் தன் அண்ணன் வீட்டில் இருக்கிறாராம். பெரியவர்கள் சண்டையைப் பெரியவர்களே பார்த்துக்கொள்வோம் என்று இருவரும் சேர்ந்து உட்கார்ந்து அவனிடம் சொல்லியிருக்கிறார்கள்.

சாப்பாட்டு நேரத்தில் மைக் தன் டப்பாவோடு போய் அச்சுவின் பெஞ்சில் இடித்துக்கொண்டு உட்கார்ந்தான். "தள்ளுடா சாமியாரே" என்றான். அச்சு தள்ளினான்.

அக்டோபர் 3, வெள்ளி

ஃபாதர் பூசையில் எல்லாருக்கும் உண்மையைச் சொன்னார், யாரையும் குறிப்பிடாமல். "சும்மா தேட மாட்டோம். ஆனா ஒருத்தன் உயிருக்கு ஆபத்துன்னு தெரிஞ்சா கட்டாயம் தேடுவோம். பொய்யா வாக்குக் குடுத்ததுக்கு எங்கள மன்னிச்சிடுங்க." நேற்றுப் பெட்டியில் நாற்பது சீட்டுக்கு மேல். அடுத்த வாரம் காலியாக இருக்கும் என்று ஃபாதரிடம் நானே சொல்லிவைத்தேன்.

அக்டோபர் 9, வியாழன்

ஆறு சீட்டு. ஆறும் ஆறு கையெழுத்து. பரவாயில்லை.

நவம்பர் 20, வியாழன்

கடைசி மணிக்குப் பிறகு மைக் ஆசிரியர் அறைக்கு வந்தான். கதவருகே நின்று நெளிந்தான். என்னவோ ஏதோ என்று எனக்குத் திக்கென்றது. இப்போதெல்லாம் அவன் நெளிந்தாலே அப்படித்தான்.

"சார், ஒண்ணு கேட்டா கோவிச்சுக்க மாட்டீங்களே?"

"கேளு."

"அடுத்த வருஷம் ஒன்பதாவதுக்கும் நீங்கதான் கணக்குன்னு சொல்றாங்க. வேற பிரிவுக்கு மாத்திக்க முடியுமா சார்? நீங்க நல்லவருதான். ஆனா பாடம் ஒண்ணும் புரியல."

எழுத்து மூலம் விண்ணப்பம் கொடு என்று விறைப்பாகச் சொல்லி அனுப்பினேன். அவன் போனதும் ஆசிரியர் அறையில் தனியாக உட்கார்ந்து, அடுத்த வருஷம், அடுத்த வருஷம் என்று சொல்லிச் சொல்லி அழுதேன்.