அருவிக்குக் கீழே இன்னும் ஒரு படி

5 ஜனவரி 1939, வியாழன்

காலையில் தூறல். பிறகு நல்ல வெயில்.

இந்தக் கொப்பி பாடக் குறிப்புக்கு வாங்கியது. அதில் என் கதையை எழுதுவதற்கு மன்னிப்பு. யாரிடம் என்று தெரியவில்லை. வாயால் சொன்னால் பாதியில் நின்றுவிடுவேன், அதனால்தான்.

முந்தாநாள் நாவற்குடாவிலிருந்து புறப்பாடு. மீராசாக் காக்காவின் மாட்டு வண்டி. ஏறாவூர்க்காரர், காட்டுப் பக்கம் உப்பும் துணியும் கொண்டுபோய் விற்பவர். அவர் மனைவி ராத்தாவும் எங்களுக்குத் துணையாக வந்திருக்கிறார். அவர் வராவிட்டால் எல்சியின் அம்மா விட்டிருக்க மாட்டார். என் அப்பாவும்தான்.

வண்டியில்: அரிசி, தேங்காய், கருவாடு, பாய் இரண்டு, அப்பா தந்த தோணிக் கம்பு, எல்சியின் மடிக்கும் வள்ளம்.

வள்ளம் அவள் மாமாவுடையது. ஒரு ஜெர்மன் கப்பல்காரரிடம் வாங்கினாராம். மரச் சட்டமும் ரப்பர் பூசிய துணியும். கழற்றினால் இரண்டு மூட்டை. பூட்டினால் இரண்டு பேர் இருக்கலாம். பின்னால் இருப்பவர்தான் திருப்ப வேண்டும். துடுப்புக்கு இரண்டு முனையிலும் இலை.

எல்சி என் பள்ளித் தோழி. கோட்டைப் பக்கத்துப் பறங்கி வீட்டுப் பெண். அடுத்த மாதம் கல்யாணம், பிறகு மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்தில் குடித்தனம். வள்ளம் மாமாவிடம் திரும்பிப் போய்விடும். காட்டிலிருந்து எங்கள் ஊர்க் கடலோர வாவிவரை இந்த ஆற்றில் ஒரு தரமாவது முழுதாக வந்துவிட வேண்டும் என்பது சின்ன வயதிலிருந்தே அவள் ஆசை. இந்த முறை விட்டால் இனி இல்லை. அதற்கு என்னைக் கூப்பிட்டாள். எத்தனை தைரியசாலிகள் இருக்க, என்னை.

“நீ வாவியில பிறந்தவள் பொன்னு. தண்ணிக்குப் பயப்பிட மாட்டாய்.”

பயப்படுவேன் என்று சொல்லவில்லை.

ஆற்றில் மூன்று இடத்தில் பாறை படி வெட்டியதுபோல இறங்குகிறதாம். இரண்டாம் படிக்கும் மூன்றாம் படிக்கும் நடுவே அருவி. அங்கே மட்டும் வள்ளத்தைச் சுமந்து சுற்ற வேண்டும். மூன்றாம் படி தாண்டினால் வாவிவரை அமைதியான தண்ணீர்.

இரவு கருவாட்டுக் குழம்பு. ராத்தா கேட்காமலே இரண்டாம் முறையும் போட்டார்.

6 ஜனவரி, வெள்ளி

வெயில்.

வாவியில் வலை போடுகிறவர் வீட்டில் பயம் வந்தால் செய்வது ஒன்றே: கம்பை ஊன்று. அடியில் சேறு. பிடித்துக்கொள்ளும், இழுத்தால் விட்டும் கொடுக்கும். தோணி நிற்கும். எழுதப் படிக்க முதலே பழகியது. பி.ஏ. எல்லாம் பிறகு.

முதல் படி. சத்தம்தான் முதலில் வந்தது. பிறகு நுரை. பின்னாலிருந்து எல்சி, “வலம் அடி! வலம்! நிப்பாட்டாத!” நான் துடுப்பைக் காலடியில் போட்டுவிட்டுக் கம்பை எடுத்தேன். ஊன்றினேன். சேறு இல்லை. பாறை இடுக்கு. கம்பு இறுகிவிட்டது, நான் கம்பை விடவில்லை, வள்ளம் என்னை விட்டுப் போய்விட்டது.

நடு ஆற்றில், கம்பைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, நான்.

வண்டிப் பாதை ஆற்றோரமாகவே வருகிறது. கரையிலிருந்து காக்கா: “அல்லாவே! பீ.ஏ. தங்கச்சி கொக்கு மாதிரி நிக்கிதுகா!”

ராத்தா: “இஞ்சருங்க, சிரிப்ப விட்டுட்டுக் கயித்த எறியிங்க!”

கயிறு வந்தது. கரை ஏறினேன். காதுக்குள்ளெல்லாம் மணல்.

கீழே, ஒரு மருத வேரை இடக் கையால் பிடித்தபடி எல்சி. வள்ளம் வேகத்தில் இழுக்க மணிக்கட்டுப் பிசகியிருக்கிறது.

“ஏன் பிடிச்ச நீ?”

“உன்ன அங்க விட்டுட்டு வாவிக்குப் போய் உங்கட அப்பாவுக்கு என்ன சொல்ற?”

கம்பைப் பற்றி ஒரு சொல் இல்லை.

இரண்டாம் படியை வீங்கிய கையோடே இறக்கினாள். நான் முன்னால், துடுப்பால் மட்டும். வள்ளத்தின் மூக்கு ஒரு கணம் ஆகாயத்தைப் பார்த்தது, முகத்தில் தண்ணீர் அறைந்தது. இருவரும் கத்திக்கொண்டிருந்தோம். சந்தோஷத்தில் என்று பிறகுதான் தெரிந்தது. என் வாயிலிருந்து அவ்வளவு சத்தம் வரும் என்று எனக்கே தெரியாது.

பிறகு அருவி. ஆறு முன்னால் திடீரென்று இல்லை. மரங்களின் தலைதான் தெரிந்தது. முன்னதாகவே கரை ஒதுங்கினோம். காக்கா வள்ளத்தைத் தலைகீழாகத் தலையில் வைத்துக்கொண்டு, “எனக்கொரு பெரிய தொப்பி” என்று பாடாத குறையாக இறங்கினார். அருவியின் அடியில் நால்வரும் பாறையில் இருந்து ஈரத்தைப் பிழிந்தோம். சாரல் நின்று நின்று வந்தது.

நன்றி: கயிற்றுக்கு. மருத வேருக்கு. ராத்தா மஞ்சளும் நல்லெண்ணெயும் போட்டுக் கட்டிய கட்டுக்கு. எல்சி திட்டாததற்கு. திட்டியிருந்தால் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும்.

7 ஜனவரி, சனி

மப்பு வானம். காற்றில்லை.

எல்சியின் விரல்கள் மடங்கவில்லை. துடுப்பைப் பிடித்துப் பார்த்தாள், விழுந்தது.

“இனிப் போதும் தங்கச்சி,” காக்கா. “வள்ளத்த மடிங்க, வண்டியில ஏத்துவம். கை உடைஞ்ச பொம்புளய மாப்புள கலியாணம் முடிப்பாரா?”

“அவருக்கு என்ட சமையலத்தான் பயம் காக்கா. கையில்ல.”

எல்லோரும் சிரித்தோம். பிறகு அவள் சட்டங்களைக் கழற்ற முதுகைத் திருப்பிக்கொண்டாள். ஒற்றைக் கையால். ஒரு ஆணியோடு எவ்வளவு நேரம்.

ஒன்று யாருக்கும் தெரியாது. இவர்கள் எழும்ப முதல் அருவிக்குக் கீழுள்ள மடுவில் வள்ளத்தை இறக்கினேன். பின் இருக்கையில் இருந்தேன். முதலில் மாடு செக்கைச் சுற்றுவதுபோலச் சுற்றிற்று. பிறகு பிடிபட்டது. திருப்புவது கையில்லை, இடுப்பு. தண்ணீரைவிட வேகமாகப் போனால்தான் வள்ளம் சொன்னபடி கேட்கிறது. நிறுத்தப் பார்த்தால் கேட்பதில்லை. எங்கள் வாவிக்கு நேர்மாறு. கரையால் நடந்துபோய் மூன்றாம் படியையும் பார்த்தேன். இடப் பக்கம் நுரையில்லாமல் ஒரு வழி, நாக்கு மாதிரி வழவழப்பாக. வலப் பக்கம் கூடாது.

அவளை முன்னால் இருத்தி நானே இறக்க முடியும் என்று நினைக்கிறேன். கவிழவும் கூடும். கவிழ்ந்தால் துணி கிழியும், அவள் கை இன்னும் கெடும், மாமாவுக்குப் பதில் சொல்ல வேண்டும். கேட்காவிட்டால் ஒன்றும் ஆகாது. அவள் வண்டியில் வீட்டுக்குப் போவாள், அவ்வளவுதான்.

நான் எதையும் கேட்டு வாங்கியதில்லை. பள்ளியில் சேர்த்தார்கள், நன்றி. கொழும்புக்கு அனுப்பினார்கள், நன்றி. வேலை தந்தார்கள், நன்றி. எல்லாம் மனதாரச் சொன்ன நன்றிதான். ஒன்றிலும் பொய்யில்லை. ஆனால் “எனக்குத் தாருங்கள்” என்று வாய் திறந்து பழக்கமில்லை. இப்போதும் பாறையில் இருந்து எழுதிக்கொண்டிருப்பது அதைச் சொல்லாமல் தப்பத்தான்.

ராத்தா மூட்டை கட்டக் கயிறு எடுக்கிறார். காக்கா மாட்டைப் பூட்டப் போகிறார். எல்சியிடம் அந்த ஆணி கழன்று வந்துவிட்டது.

எழும்பிப் போய்ச் சொல்ல வேண்டியது இவ்வளவுதான்:

எல்சி, வள்ளத்த மடிக்காத. நான் பின்னுக்கு இருக்கட்டா?